சனிக்கிழமை மீன்களின் வயிறு

எனக்கு வீட்டில் வைத்த பெயர் புழுக்காரி. மூன்று வருடமாக மீன் வயிற்றைக் கிழித்து, குடலை அலசி, உள்ளே இருக்கும் புழுக்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதற்கு டாக்டர் பட்டம் வேறு தருவார்களாம். அக்கம்பக்கத்தில் இதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. "மீன் ஆராய்ச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

விஷயம் சுலபம். மலைமேல் ஓர் ஏரி, அடிவாரத்தில் ஓர் ஏரி, நடுவே அருவி. இரண்டிலும் ஒரே மீன், அச்சு அசலாக. ஆனால் மேல் ஏரி மீனின் குடலில் நாடாப்புழு மட்டும்தான். கீழ் ஏரி மீனில் இருப்பது முள்தலைப் புழு. தலை முழுக்கக் கொக்கி. குடலைப் பிடித்துக்கொண்டால் இடுக்கிக்கும் அசையாது. அது வளர ஒரு குட்டி இறால் வேண்டும், அந்த இறால் கீழ் ஏரியில் மட்டுமே உண்டு. ஆகவே புழுவைப் பார்த்தே மீனின் ஊரைச் சொல்லிவிடலாம். இரண்டு கூட்டமும் கலப்பதே இல்லை. இதுதான் என் ஆய்வேடு.

கீழ் ஏரி மீன்களை நானே பிடிப்பேன். மேல் ஏரிக்கு மூன்று மணி நேரம் ஏற வேண்டும், அது அண்ணன் பொறுப்பு. அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் ஊரை மேலே ஏற்றி இறக்குகிறவன், சனிக்கிழமை தூண்டிலோடு தானே ஏறி, ஐஸ் பெட்டி நிறைய மீனோடு வருவான். தங்கைக்காக இவ்வளவு செய்கிறானே என்று நான் உருகிப்போயிருந்தேன்.

போன வாரம், சேர்த்து வைத்திருந்த மீன்களை மொத்தமாகக் கிழித்தேன். "மேல்" என்று சீட்டு ஒட்டிய பதினாறு மீன்களில் முள்தலைப் புழு! அருவியில் மீன் கீழே விழலாம், மேலே ஏறுமா? என் ஆய்வு வழிகாட்டி மேடத்துக்குப் போன் போட்டு அழுதேன்.

"திங்கட்கிழமைக்குள்ள காரணத்தைச் சொல்லு. இல்லன்னா மூணு வருஷத்தையும் மூட்டை கட்டு" என்றார்.

சனிக்கிழமை இரவு நோட்டைப் புரட்டினேன். அந்தப் பதினாறும் ஐந்தே நாளில் வந்தவை. ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை. இடையில் வந்த மீன்களில் வழக்கமான நாடாப்புழு மட்டும்தான். எந்தப் புழுவும் காலண்டர் பார்த்து வராது. நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனேன்.

"அண்ணா, எல்லாச் சனிக்கிழமையும் நெஜமா மலை ஏறுனியா?"

"ஏறாம? கால் இன்னும் வலிக்குது."

"அதானே பாத்தேன்," என்றாள் அம்மா. "மலை ஏறுறவன் எதுக்குடா சட்டைக்கு இஸ்திரி போடுறான்?"

அண்ணனுக்குக் காது சிவந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே உளறிக் கொட்டினான். "கீழ் ஏரியில படகுக்கு டிக்கெட் குடுக்குற பொண்ணு இருக்காங்கள்ல... அவங்களுக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் சாயங்காலம். காலை ஷிப்ட் இருக்குற சனிக்கிழமை மட்டும் அங்கயே தூண்டில் போட்டேன். ரெண்டும் ஒரே மீன்தானே, பாத்தா வித்தியாசமே தெரியலையேன்னு..."

கரண்டியை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்பதைத்தானே மூன்று வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன்! எனக்கே தெரியாமல் கலந்த மீன்களைப் புழு ஒன்றுவிடாமல் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கரண்டியோடு சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன்.

மேடமும் போனில் கூச்சல் போட்டார். "இப்படி ஒரு பரீட்சையை நானே வெச்சிருக்க முடியாது! ஆனா உங்க அண்ணன் சொன்னா யார் நம்புவா? ஏற்கெனவே பொய் சொன்ன ஆளு. அந்த அஞ்சு நாளையும் வேற யாராவது உறுதி பண்ணணும்."

வேறு யார்? அண்ணனைப் பார்த்தேன். "அந்தப் பொண்ணுகிட்ட இதுவரைக்கும் என்ன பேசியிருக்க?"

"ஒரு டிக்கெட்னு சொல்லியிருக்கேன்."

மறுநாள் காலை அவனைக் கீழ் ஏரிப் படகுத்துறைக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். அவன் மிதவைச் சட்டைகளின் குவியலுக்குப் பின்னால் பதுங்கினான். நான் டிக்கெட் கவுண்டரில் அந்தப் பெண்ணின் முன் புழு பாட்டிலை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், காதலைத் தவிர. அதை மட்டும் சொல்லாதே என்று அண்ணன் கெஞ்சியிருந்தான். மேல் ஏரிக்கு ஏறச் சோம்பல்பட்டு இங்கே வந்துவிட்டான் என்று சமாளித்தேன். அவள் முகம் சுளிக்காமல் புழுவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"இவன் இங்க வந்தது எந்தெந்தத் தேதின்னு டிக்கெட் அடிக்கட்டையில பாத்துச் சொல்ல முடியுமா?"

அவள் அடிக்கட்டைப் பக்கமே திரும்பவில்லை. "ரெண்டு மாசத்துக்கு முன்னால ஏழு, இருபத்தொண்ணு. போன மாசம் அஞ்சு, பத்தொம்பது. இந்த மாசம் ரெண்டு."

நோட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்தும் பிசகவில்லை! என் மூன்று வருடம் பிழைத்தது. பாட்டிலைப் பிடுங்கி முத்தம் கொடுத்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தபடியே காகிதத்தில் தேதிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாங்கிப் பார்த்தால், ஆறு தேதி.

"போன புதன்கிழமையையும் எழுதியிருக்கீங்களே? அன்னைக்கு எனக்கு மீன் எதுவும் வரலையே."

"எப்படி வரும்?" என்றாள் அவள், மிதவைச் சட்டைகளின் பக்கம் பார்த்து. "அன்னைக்கு இவரு தூண்டிலே கொண்டு வரல."