பொத்தான் வரிசை

அம்மாவின் தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மகள், அப்பா நான்காவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்தாள். சுடுகாட்டு வண்டி ஒரு மணிக்குத்தான் வரும். மணி இன்னும் ஒன்பதைத் தொடவில்லை. கட்டிலைச் சுற்றியிருந்தவர்கள் அழுது ஓய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் வாசலுக்கும் சன்னலுக்கும் நடையாய் நடந்தார். சட்டைப் பையை வேறு தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு இடத்துல உக்காரேன்டா" என்றாள் அத்தை, அவருடைய அக்கா.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த சூட்டிலேயே எழுந்துவிட்டார்.

நேற்று மாலை வேலை முடிந்து பேருந்துக்கு நின்ற அம்மா, பக்கத்திலிருந்தவரிடம் மணி கேட்டுவிட்டு அப்படியே சரிந்திருந்தாள். மகள் ராத்திரி வண்டி பிடித்து விடியற்காலையில் வந்து சேர்ந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அம்மாவிடம் உதவியாளாக இருந்த பெண் ஒன்பது மணிக்கு வந்தாள். கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்பா அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். சற்று நேரத்தில் மகளையும் கூப்பிட்டார்.

"பத்து மணியோட நாப்பத்தெட்டு மணி நேரம் முடியுதும்மா. தட்டுங்களப் பாத்து எண்ணணும். தாண்டிப்போச்சுன்னா எல்லாத்தையும் கொட்டிட வேண்டியதுதான்."

எந்தத் தட்டு என்று மகள் கேட்கவில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டோடு சாப்பாடாகப் பரிமாறப்பட்ட கதை அது. உடம்பில் ஒரு செல் இன்னொன்றைப் பற்றிக்கொள்வது ஒரு புரதத்தால். புற்றுநோய்க் கட்டியிலிருந்து கழன்ற செல்களும் அதே பிடியோடு கூட்டமாகப் போய் வேறோர் உறுப்பில் குடியேறிவிடும். அந்தப் பிடியைத் தளர்த்த ஒரு மருந்து வேண்டும். பதினாறு மருந்துகள் தோற்றுப்போயின. இது பதினேழாவது.

மூன்றாவது மருந்து வேலை செய்கிறதென்று அம்மா ஒருமுறை துள்ளிக் குதித்தாள். வேறொருவர் எண்ணியபோது அது பொய்யாகிப்போனது. எந்தத் தட்டில் மருந்து என்று தெரிந்திருந்ததால் தன் கண் ஒட்டிய கொத்துகளைக் குறைத்து எண்ணிவிட்டது என்றாள். "ஆசப்பட்ட கண்ணு தப்பா எண்ணும்." அன்றிலிருந்து வரிசையைத் தீர்மானிப்பது தையல்காரரான அப்பாவின் பொறுப்பு. ஒரு துண்டுத் துணியில் பன்னிரண்டு பொத்தான்களைத் தன் மனம்போல் தைத்துத் தருவார். கறுப்பென்றால் மருந்து, வெள்ளையென்றால் வெறும் நீர். உதவியாள் அதைப் பார்த்து, அந்தச் செல்கள் வளரும் பன்னிரண்டு தட்டுகளிலும் விட்டதும், துணி உறைக்குள் ஒட்டப்பட்டு அப்பாவின் பைக்குத் திரும்பிவிடும். அம்மா ஒன்றும் தெரியாமல் எண்ணுவாள்.

"டெய்லர வச்சு நடக்கற விஞ்ஞானம்" என்று மகள் கிண்டலடித்த நாளில் அம்மா இரண்டு வேளை பேசவில்லை. மகள் வேலைக்கென்று வெளியூர் போனபின் பேச்சே சுருங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "பதினேழாவது இருக்கே..." என்று அம்மா தொடங்கினாள். அப்புறம் பேசுகிறேன் என்று மகள் வைத்துவிட்டாள்.

"இவங்களே எண்ணலாமே?" என்று உதவியாளைக் காட்டினாள் மகள்.

"மருந்து விட்டவளே நான்தாங்க. நான் எண்ணினா செல்லாது. மேடமுக்காக இன்னிக்கு லேபுக்கு லீவும் விட்டுட்டாங்க" என்றாள் உதவியாள்.

அப்பா மகளையே பார்த்தார். "ஒண்ணும் தெரியாத கண்ணு இந்த வீட்ல உன்னோடதுதான்."

செருப்பை மாட்டும்போது அத்தை வழியை மறித்தாள். பெற்றவளைக் கிடத்திவிட்டு எங்கே பயணம், நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று குரலை உயர்த்தினாள்.

"அவ இருந்திருந்தா அவளே போயிருப்பாக்கா" என்றார் அப்பா. அத்தை நகர்ந்து வழிவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் அம்மாவின் வெள்ளை அங்கி ஆணியில் தொங்கியது. நுண்ணோக்கிக்கு முன்னால் இருந்த முக்காலி அவள் உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. மகள் அதை இறக்காமல் கால் தரையில் படாமலே உட்கார்ந்தாள். மூன்று செல்களோ அதற்கு மேலோ ஒட்டியிருந்தால் ஒரு கொத்து. அதைச் சொல்லிவிட்டு உதவியாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் தட்டில் திராட்சைக் குலைகள்போலக் கொத்துக் கொத்தாக இருந்தன. நாற்பத்தொன்று. இரண்டாவதில் கொட்டிய கடுகுபோல எல்லாம் தனித்தனி. ஒன்றுமில்லை. மூன்றாவதிலும் அப்படியே. மருந்து எதுவென்று சொல்ல இனிப் பொத்தான் தேவையில்லை.

ஏழாவதும் கடுகாகத்தான் தெரிந்தது. பூச்சியம் என்று எழுதப் பென்சிலை எடுத்தாள். மற்றத் தட்டுகளில் செய்ததுபோல ஓரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அங்கே, விளிம்பை அணைத்தபடி, கொத்துகள். பதினொன்று.

திரும்பிப் பார்த்தாள். உதவியாள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான். பென்சில் தாளின்மேல் வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினாள்.

வீடு திரும்பியபோது பன்னிரண்டரை. அப்பா கட்டிலையொட்டி நாற்காலியைப் போட்டு, உறையைக் கிழித்துத் துணியை மடியில் விரித்தார்.

"சத்தமா சொல்லு" என்றார்.

"ஒண்ணு... நாப்பத்தொண்ணு."

அவர் விரல் வெள்ளைப் பொத்தானில் இருந்தது.

"ரெண்டு... ஒண்ணுமில்ல."

கறுப்பு. மூன்றாவதும் கறுப்பு. ஆறு வரை எல்லாம் பொத்தானோடு ஒத்துப்போயின. வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை எதையோ சொல்ல வாயெடுத்து, தம்பியின் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"ஏழு... பதினொண்ணு."

விரல் கறுப்பில் நின்றுவிட்டது.

"பதினொண்ணா?"

"ரெண்டு தடவ எண்ணினேன்பா."

அவர் கட்டிலில் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தார். "உள்ளத உள்ளபடி எழுதியிருக்கா உன் பொண்ணு" என்றார், அவளிடமே சொல்வதுபோல. "ம், மேல படி."

மீதி ஐந்தும் பொத்தானுக்குச் சரியாக இருந்தன. படித்து முடித்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. ஆட்கள் எழுந்தார்கள். அப்பா எழவில்லை. ஏழாவது பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. சட்டைக் காலரில் எப்போதும் குத்தியிருக்கும் நூல் கோத்த ஊசியை அவர் உருவினார். முதல் குத்திலேயே துணி நழுவியது.

மகள் குனிந்து, துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.