இருநூற்று ஒன்று

என் வாய்க்கொழுப்பை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் பதினோரு வருஷமாக சாஃப்ட்வேர் கோடு எழுதுகிறேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு.

சிறுநீரக தானத்துக்குக் காத்திருப்பவர்களைப் பதிவு செய்யும் சர்வீஸை எங்கள் டீம்தான் எழுதியது. ஆப்பில் பேரைப் போட்டால் அது முதலில் ஒரு கியூவில் நிற்கும், பிறகுதான் டேட்டாபேஸில் ஏறும். அதற்கு சர்வீஸ் ஆப்புக்கு அனுப்ப வேண்டிய முறையான பதில் எண் 202. 'வாங்கிக்கொண்டேன், இன்னும் முடிக்கவில்லை' என்று அர்த்தம். நான் 201 அனுப்பினேன். 'உருவாக்கிவிட்டேன், இதோ அதன் முகவரி.' கூட வேலை பார்க்கும் ஸ்ரீவித்யா அதைப் பார்த்துவிட்டுக் கமெண்டில் கேட்டாள்.

"இன்னும் சேவ் ஆகலையே விச்சு, 202தானே வரணும்?"

"202 குடுத்தா ஆப் டீம் ஏறிருச்சா, ஏறிருச்சான்னு திரும்பத் திரும்ப வந்து கேக்கணும். அவங்களோட யாரு மல்லுக்கட்டறது? ரெண்டு செகண்டுல ஏறிரும், விடுங்க" என்று சொல்லி அவள் கமெண்டை மூடினேன்.

கேம்ப் பகுதியில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் இர்ஃபான் என் நண்பர். அவருடைய அண்ணன் ஹமீதுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன் கடையில் உட்கார்ந்து என் கையாலேயே அவர் பேரைப் பதிந்தேன். 'பதிவாகிவிட்டது, எண் 4417' என்று வந்தது. "நான் எழுதினதுங்க பாய், கவலைப்படாம இருங்க" என்று பெருமை வேறு.

இன்று காலை இர்ஃபான் ஃபோன் செய்தார். "ஆஸ்பத்திரியில அண்ணன் பேரே லிஸ்ட்ல இல்லைன்னு சொல்லுதாங்க. நம்பரைச் சொல்லியும் இல்லங்காங்க."

சர்வீஸ் செய்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தேன். 201 போயிருந்தது, முகவரியும் போயிருந்தது. அந்த முகவரியைத் தட்டினால் 404, அங்கே ஒன்றுமே இல்லை. நான் பதிந்த அன்று மதியம் கியூ ஓடிய மெஷின் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அதில் நின்ற பதினாறு பேரின் பதிவும், ஹமீதுடையதும் சேர்த்து, அழிந்துவிட்டது. பாவி, இத்தனை மாதத்தில் ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா நான்?

ஆஸ்பத்திரியில் கெஞ்சினேன், கத்தினேன். லாகெல்லாம் செல்லாது, ஏறிய தேதிதான் தேதி என்று கவுண்ட்டரில் இருந்த பெண் மராத்தியில் பொறுமையாகச் சொன்னாள். மறுபடி பதிந்தேன். இந்த முறை முகவரியைத் திறந்து பார்த்தேன். பேர் இருந்தது. வரிசையில் இடம், முந்நூற்றுப் பன்னிரண்டு.

இர்ஃபானைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன்.

"டாக்டர் தீபாவளி வரைக்கும்தான் தவணை குடுத்திருக்காரு" என்றார். "அன்னைக்கே ஏறியிருந்தா?"

தேடினேன். 4418, மறுநாள் பதிந்தவர், அதே ரத்த வகை. பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் தைரியமும் இல்லை.

"அடுத்த நாள் பதிஞ்சவருக்குப் போன செவ்வாய்க்கிழமை கிட்னி வெச்சுட்டாங்க பாய்."



"ஃபோனு ஸ்பீக்கர்லதான் இருக்கு விச்சு" என்றார் இர்ஃபான். "அண்ணனும் கேட்டுட்டுதான் இருக்காங்க."