மழைக்குப் பிறகு அவிழ்த்துவிட்ட நாய்கள்

ஜனவரி வந்தால் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் குவைத் நகரை விட்டு மேற்கே பாலைக்குப் போய்க் கூடாரம் அடிப்போம். நான், முத்லக், ஜர்ராஹ். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டோம். கூடவே ஜர்ராஹின் இரண்டு வேட்டை நாய்கள் வரும். ஷம்லா, அவள் மகள் தஹ்மா.

அந்த வருடம் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்தது. முகம் கழுவப் போன ஜர்ராஹ் என்னிடம் சொன்னான்:

"நாய்ங்கள அவுத்துடாத. மழ பேஞ்ச மண்ணு, என்னத்தக் கொண்டாந்து போட்டிருக்கோ."

"இந்த நிலத்த எத்தன தடவ சுத்தம் பண்ணிட்டாங்க," என்றான் முத்லக், தணலில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே. "தொண்ணூறுல இராக்காரன் பொதச்ச கண்ணிவெடிக்கு இன்னும் பயப்படுறான் பாரு."

கட்டிக்கிடந்த நாய்கள் முனகிக்கொண்டே இருந்தன. தஹ்மா என் முழங்காலை நக்கினாள். கொஞ்ச நேரம்தானே என்று இரண்டையும் அவிழ்த்துவிட்டேன்.

புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்தது. அவ்வளவுதான், இரண்டும் மேட்டைத் தாண்டி மறைந்தன. சற்று நேரத்தில் தஹ்மா மட்டும் மூச்சிரைத்துக்கொண்டு திரும்பினாள். மேட்டில் ஏறிப் பார்த்தேன். தூரத்தில் ஷம்லா ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்றாள். அதற்குள் ஜர்ராஹ் என்னைக் கடந்து, பனியனோடு அவளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

தஹ்மாவின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மழைநீர் அறுத்திருந்த ஓடையருகே கால் நின்றுவிட்டது. சாப்பாட்டுத் தட்டு அளவில் பழுப்பாக ஒன்று, மண்ணிலிருந்து பாதி வெளியே தெரிந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஜர்ராஹின் காலடித் தடம்.

"ஜர்ராஹ், நில்லு. கால எடுக்காத."

என் குரலில் என்ன கேட்டதோ, அப்படியே நின்றான். "என்னடா?"

"உனக்குப் பின்னால ரெண்டு வெடி கெடக்கு. இடது பக்கம் இன்னொண்ணு. முன்னால என்ன இருக்குன்னு தெரியல."

அவனுக்கும் ஷம்லாவுக்கும் இடையே இருபதடி இருக்கும். அவள் வாலை ஆட்டி, நொண்டியபடி ஓர் அடி வைத்தாள்.

"ஷம்லா, உக்காரு," என்றான் மெதுவாக. யார் சொல்லையும் கேட்டுப் பழகாத ஜாதி அது. உட்கார்ந்தாள்.

"ஈர மண்ணுடா, உன் தடம் நல்லாத் தெரியுது," என்றேன். "அதுலயே கால வெச்சுத் திரும்பி வந்துடு."

"நான் திரும்பினா அவளும் எந்திரிச்சு வருவா. எந்த வழியா வருவான்னு நீ சொல்வியா?"

முத்லக் ஜீப்பை மேடு வரை ஓட்டி வந்து, சிக்னலுக்காக அதன் கூரைமேல் ஏறிப் போலீசுக்குப் போன் செய்தான். வெடி அகற்றும் படை வர ஒன்றரை மணி நேரமாகும், யாரும் அசையக் கூடாது என்றார்கள்.

குளிர்காற்று வீசியது. ஜர்ராஹின் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. வெடிமேல் விழுந்துவிடுமோ என்று என் அங்கியை அவனிடம் எறியவும் வழியில்லை. தஹ்மா தாயைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டே இருந்தாள். பட்டை என் விரலை அறுத்தது.

"உன் பொண்டாட்டி போன் பண்ணா என்னடா சொல்றது?" என்று கூரைமேலிருந்து கேட்டான் முத்லக்.

"தூங்குறான்னு சொல்லு. நம்ப மாட்டா. ஆனா மேல கேக்கவும் மாட்டா."

பிறகு ஜர்ராஹ் திரும்பாமலே கேட்டான்: "யாரு அவுத்துவிட்டது?"

"நான்தான்."

ஷம்லாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "சரி. தஹ்மாவையாவது விட்டுடாத."

கடைசியில் படையின் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஷம்லா மிரண்டு எழுந்தாள். ஜர்ராஹ் "இரு, இரு" என்றான். அவள் கேட்கவில்லை. நொண்டி நொண்டி நடந்தாள். ஓரிடத்தில் தலை குனிந்து மோந்தாள், விலகி வந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அவன் தொடையில் அவள் தலை முட்டியபோது அவன் குனிந்தான். ஆனால் பாதங்களை அசைக்கவில்லை. அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

படையினர் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே அடி அடியாக வழி திறந்தார்கள். அவனை வெளியே கொண்டுவர நாற்பது நிமிடம் ஆனது. அவன் வலது குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி, மண்ணுக்கடியில் ஒன்று கிடந்தது என்று அவர்களின் தலைவர் சொன்னார். ஷம்லாவின் பாதத்தில் இருந்தது ஒரு கண்ணாடித் துண்டு.

அன்றே கூடாரத்தைப் பிரித்தோம். மூன்று வாரம் அவன் என் போனை எடுக்கவில்லை. நானே அவன் வீட்டுக்குப் போனேன். அன்னியருக்கு ஊற்றுவதுபோல மரியாதையாகக் காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

"மன்னிச்சுடுடா," என்றேன்.

"நீ நில்லுன்னு சொல்லலன்னா இன்னும் ஒரு அடி வெச்சிருப்பேன். அதையும் நெனைக்கிறேன். நீ அவுத்துவிட்டதையும் நெனைக்கிறேன். ரெண்டையும் எப்படிச் சேத்து வெச்சுக்கறதுன்னு இன்னும் தெரியல."

அடுத்த ஜனவரியில் வந்தான். எங்களுக்கு ஐம்பதடி தள்ளித் தனிக் கூடாரம் அடித்தான். மூன்றாம் நாள் காற்றில் அது சாய்ந்தது. போர்வையைச் சுருட்டிக்கொண்டு, நாய்களோடு எங்கள் கூடாரத்துக்குள் வந்து, "தள்ளிப் படுடா," என்றான்.