நான்காம் இடத்துக்காரரின் விலா எலும்புகள்

2018ஆம் வருடம் மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், குத்துச்சண்டைக் கையுறையைக் கழற்றி நாற்பத்தைந்து வருடம் ஆகியிருந்த லூசியஸ் பெட்டிவே, குத்து வாங்கியதில் இரண்டு விலா எலும்புகள் முறிந்த நிலையில் கண்விழித்தார். அவருக்கு வயது எழுபத்தேழு. முந்தின நாள் சவரம் செய்துகொண்டு, பட்டாணி சூப் குடித்துவிட்டு, எட்டு மணிக்குப் படுத்தவர். கட்டிலிலிருந்து விழவும் இல்லை. இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், இது விழுந்து முறிந்தது இல்லை, பழகிய இடது கை ஒன்று வளைத்துக் குத்தியது என்று சொல்லிவிட்டு, அறையில் இருந்த ஒரே ஆளை மேலும் கீழும் பார்த்தார். அது அவருடைய மனைவி எர்னஸ்டின். ஐந்தடி உயரம், எழுபத்து நான்கு வயது, இரண்டு கையிலும் மூட்டுவாதம். செவ்வாய்க்கிழமை முதியோர் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, சமையலறை, கட்டில், எர்னஸ்டினின் விரல் முட்டிகள் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டாள். இன்னொரு காயம் தென்பட்டால் பெரியவரை அரசு இல்லத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

லூசியஸ் மூன்று வருடம் நடுத்தர எடைப் பிரிவின் உலகச் சாம்பியனாக இருந்தவர். அறுபத்தொரு சண்டை. அதில் மாபெரும் சண்டை என்று வடக்கு ஃபிலடெல்பியா முழுக்கச் சொல்லும் பதினைந்து சுற்றுச் சண்டைக்குப் பிறகு ஒன்பது நாள் அவருடைய சிறுநீர் செங்கல் கரைத்த நிறத்தில் போனது. கழிவறைப் பீங்கானைத் தேய்த்தவள் எர்னஸ்டின். பிற்பாடு தெருவில் எவனாவது நெஞ்சில் கை வைத்து, ஆகா அந்தச் சண்டை, என்று கண்ணை மூடும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பீங்கான்தான் ஞாபகம் வரும். கடைசிப் பன்னிரண்டு வருடமாக லூசியஸுக்கு எதுவும் நினைவில்லை. கரண்டியைக் கையில் கொடுத்தால் சாப்பிடுவார். தினமும் காலையில் அவளைப் பார்த்து, நீ யார் என்று கேட்பார். அவளும் தினமும் சொல்வாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவரை காஸ்கின்ஸின் சலூனுக்குச் சவரத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. நடுத்தர எடைப் பிரிவில் எல்லாக் காலத்துக்குமான பத்துப் பேர், பத்து அட்டை, பத்துக் குண்டூசி. 1988 முதல் லூசியஸ் நான்காவது. மேலே இருந்த மூவரும் செத்துப்போனவர்கள். 2018 பிப்ரவரியில், ஜெர்மன்டவுன் பக்கத்துப் பையன் மார்க்வெல் ஸ்டோக்ஸ் மூன்றாவது எடைப் பிரிவிலும் பட்டம் வாங்கிவிட்டதால், அவனைப் பலகையில் எங்கே குத்துவது என்ற பேச்சு வந்தது. நான்காம் இடத்தில் குத்த வேண்டுமென்றால் முதலில் லூசியஸை அடித்தாக வேண்டும். எனவே வாராவாரம் வாயாலேயே இருவரையும் மோதவிட்டார்கள்.

"முப்பத்தி நாலு சண்டை, முப்பத்தி நாலும் ஜெயிச்சிருக்கான். இன்னும் என்னடா வேணும் உங்களுக்கு?" என்பார் காஸ்கின்ஸ், கத்தியைத் தோல் பட்டையில் தீட்டியபடி.

"யாரை ஜெயிச்சான்? அவன் அடிச்சதுல பாதிப் பேரு லூசியஸ் அண்ணன் காலத்துல வாளி தூக்கத்தான் லாயக்கு," என்று ஒருவன்.

"அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்றதக் கேளு." இது கிளியோஃபஸ் டல். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி இருக்கை வரை கேட்கும் குரல். இறைச்சியும் உருகிய சீஸும் திணித்த நீள ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் லூசியஸின் விலாவைச் சுட்டிக் காட்டினான். "ஒன்பதாவது சுத்துல அண்ணனுக்கு மூச்சு வாங்கும். பையன் உள்ள பூந்து இங்க ஒண்ணு விடுவான். டப்பு. அவ்வளவுதான்."

தாடையில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த லூசியஸ், யாரோ நல்ல சேதி சொன்னதுபோலத் தலையாட்டினார். கிளியோஃபஸின் விரலிலிருந்து எண்ணெய் சொட்டி அவர் மேல் போர்த்திய துணியில் விழுந்தது. சலூன் ஒன்பதாவது சுற்றை ஒப்புக்கொண்டது. மறுநாள்தான் விலா முறிந்தது.

அடுத்த வெள்ளி, ஆறாவது சுற்றில் இடது புருவம் கிழியும் என்று முடிவானது. சனிக்கிழமை தலையணை உறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. அதற்கடுத்த வெள்ளி, உதடு. நான்காவது வெள்ளிக்கிழமை எர்னஸ்டின் அவரை வீட்டிலேயே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டாள். ஆனாலும் சனிக்கிழமை காலை அவர் தாடை ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, பேச்சு ஒருமனதாக முடிந்தால் போதும் என்பது அவளுக்கு அன்று புரிந்தது. நல அலுவலகத்துப் பெண்ணுக்குப் பயந்து, தன் முகப்பவுடரைக் குழைத்துக் கணவரின் தாடையில் பூசினாள்.

திங்கட்கிழமை சலூனுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. காஸ்கின்ஸ் தொப்பியைக் கழற்றினார். ஒருவன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். அப்புறம் கிளியோஃபஸ் கேட்டான்:

"அப்போ யாரு ஜெயிச்சது?"

எர்னஸ்டின் அவனைப் பார்த்தாள். தரையில் பத்துத் தலைகளின் முடி ஈரத்தோடு கலந்து கிடந்தது. அதில் ஒரு பிடி வாய்க்குள் போனதுபோல இருந்தது அவளுக்கு.

"இல்ல மிஸ் எர்னஸ்டின், தப்பா நினைக்காதீங்க. அண்ணன் கைய பாத்தீங்களா? முட்டி வீங்கியிருக்கா? வீங்கியிருந்தா அவரும் திருப்பிக் குடுத்திருக்காருன்னு அர்த்தம்ல?"

அந்தச் சனிக்கிழமை ஒன்பது பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை. ஞாயிறு பிரார்த்தனைக்குக் காரில் கூட்டிப்போகிற காஸ்கின்ஸ் குரல் கொடுத்ததால் திறந்தாள். எல்லோரும் உள்ளே வந்து காலுறையோடு நின்றார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். காயம் புதுசா பழசா என்று பார்க்க கிளியோஃபஸ் கட்டைவிரலால் தாடையை அழுத்தினான். பழம் வாங்குகிறவன் அழுத்துவதுபோல அழுத்தினான். லூசியஸ் முனகினார். பிறகு ஒருவன் போர்வையை விலக்கி வலது கையை எடுத்துக் காட்டினான். முட்டிகள் நான்கும் பழுத்து வீங்கியிருந்தன. ஒன்பது பேரும் ஒரே குரலில் ஆர்ப்பரித்தார்கள். இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தக் கூச்சல் காதில் விழுந்ததும் லூசியஸுக்கு எங்கிருந்தோ என்னவோ வந்து, முறிந்த விலாவோடு எழுந்து உட்கார்ந்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரித்தார். பல் ஈறெல்லாம் ரத்தம். எர்னஸ்டின் சமையலறைக்குப் போய்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாமல் வாந்தி எடுத்தாள்.

ஏப்ரல் மாதம் மார்க்வெல் ஸ்டோக்ஸே வந்தான். பழக்கூடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றான். இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது, முன்பல் ஒன்றில் கீறல். இரண்டு மாதமாக அவன் யாரோடும் மோதவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களைச் சந்தேகப்பட்டு நான்கு பேரை அனுப்பிவிட்டதாகவும், பிறகு சலூன் சேதி காதுக்கு வந்ததாகவும் சொன்னான். லூசியஸின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் அவர் முகத்தையே பார்த்தான். நல்ல பிள்ளை என்றுதான் எர்னஸ்டினுக்குத் தோன்றியது.

"தம்பி, நீ ஒண்ணு பண்ணேன்," என்றாள். "யாராவது ஒரு சாதாரணப் பையன்கிட்ட ஒரே ஒரு சண்டை தோத்துடு. உன் பேரை அந்தப் பலகைப் பக்கமே எடுக்க மாட்டானுங்க. இவரும் பொழைச்சுப் போவாரு."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

"முப்பத்தி நாலுக்கு பூஜ்யம், மிஸ் எர்னஸ்டின். அந்தப் பூஜ்யத்துக்காக நான் என் பொண்ணு பொறந்தப்பகூடப் போய்ப் பாக்கல. யாராவது ஒருத்தர் கீழ இறங்கித்தான் ஆகணும்னா அது நானா இருக்க மாட்டேன்." அப்புறம், எழுந்து போகிற நேரத்தில், வெட்கத்தோடு கேட்டான்: "அந்த விலா... எந்தப் பக்கம்? பெரியவரு முழங்கைய இறக்கி வெச்சு ஆடுறவராச்சே. வளைச்சு விடுற என் இடது ஹூக்கு அதுக்குள்ள போகுமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தேன்."

"வலது," என்றாள் எர்னஸ்டின். அவன் முகம் ஒரு கணம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. கதவு வரை போனவனை நிறுத்தி, அவன் கண்ணுக்குக் கீழே இருந்த நீலத்தைக் காட்டி, "அது எப்படிப்பா, ரொம்ப வலிச்சுதா?" என்று அவள் கேட்டாள்.

"தலைக்குள்ள மணி அடிச்சிச்சு, மிஸ் எர்னஸ்டின்."

அதைக் கேட்டு அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எழுபத்தேழு வயதில், படுத்த படுக்கையில், என் ஆள் உலகச் சாம்பியனை ஆட்டி வைத்திருக்கிறான் என்று ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம், பெருமைப்பட்டாள். அவன் போன பிறகு பழக்கூடையைத் தெருக்குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வெகுநேரம் கையைக் கழுவினாள். சலூன்காரர்கள் மேல் இருந்த அருவருப்பு இப்போது வீட்டுக்குள்ளேயே, தன் தோலுக்கு அடியிலேயே இருப்பது தெரிந்தது. ஒருத்தர் கீழே இறங்க வேண்டும் என்று பையன் சொன்னது மட்டும் சரி என்று தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தனியாகச் சலூனுக்குப் போனாள். கடையின் நடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, லூசியஸ் பெட்டிவே ஒன்றும் அப்படிப் பெரிய ஆள் இல்லை என்று ஆரம்பித்தாள். பட்டம் வாங்கிய அன்று எதிராளிக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல்; எதிர் மூலையில் இருந்தவர்கள் அதை மறைத்தார்கள். பால்டிமோரில் பதினோராவது சுற்று முடிந்து வந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை எறியச் சொல்லிச் சிறுபிள்ளைபோல அழுதார். முதல் வரிசையில் இருந்தவள் அவள். இடது கைக்காரன் ஒருவனுக்குப் பயந்து மூன்று வருடம் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தார். அவள் சொன்னதில் சில உண்மை, சில இல்லை. எது எது என்பதை அவள் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

"கட்டின பொண்டாட்டி பேசற பேச்சா இது?" என்று கத்தினான் கிளியோஃபஸ். வாயிலிருந்த ரொட்டித் துணுக்கு அவள் மடியில் விழுந்தது. "அந்த மனுசன் நம்ம ஊருக்கே சாமி மாதிரி!"

"சாமின்னா நீயே கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோடா. மூணு வேளை கழுவி விடு. அப்புறம் பேசு."

பதினொரு வெள்ளிக்கிழமை ஆயிற்று. தேவாலயத்துப் பெண்கள் அவள் அருகே உட்காராமல் ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தார்கள். வானொலியில் ஒருவன், பெட்டிவேயின் மனைவி அவருக்கு எதிராகக் காசு வாங்கிவிட்டாள் என்றான். அவள் வாராவாரம் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் எந்தச் சுற்றில் விழுவார் என்று பேச்சு வந்தால், "முதல் சுத்துலயே, அடி படுறதுக்கு முன்னாடியே பயந்து படுத்துடுவாரு," என்பாள். காது கேட்கக் கூசியது. ஆனால் காயம் படாமல் முடிகிற சண்டை அது ஒன்றுதான். நான்காவது அட்டை ஆறுக்கு இறங்கியது, பிறகு எட்டுக்கு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் வீட்டில் ஒன்று குணமானது. விலா கூடியது. அடி வாங்கி முட்டைக்கோஸ்போல மடிந்திருந்த வலது காது, இலை விரிவதுபோல விரிந்து மெல்லியதானது. புருவத்துத் தழும்புகள் கரைந்து முடி வளர்ந்தது. நல அலுவலகத்துப் பெண் வந்து பார்த்து, காயம் ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு, எர்னஸ்டினிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை மாதம் முதல் வெள்ளிக்கிழமை கிளியோஃபஸே குண்டூசியைப் பிடுங்கினான். அவளைப் பார்க்காமல், அட்டையை இரண்டாகக் கிழித்து முடிக்குவியலில் போட்டான். காஸ்கின்ஸ் அதையும் சேர்த்துப் பெருக்கினார். நான்காம் இடத்தில் மார்க்வெலைக் குத்தினார்கள். உடனே மூன்றாம் இடத்துக்காரரோடு அவனை மோதவிட்டு, முதல் சுற்றைப் பேசத் தொடங்கினார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் அவள் கால் வைக்கவில்லை. மார்க்வெல் இரண்டு வருடம் கழித்துத் தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றான். பல் காப்பு மாட்டாமல் அவன் உறங்குவதில்லை என்று சொல்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஓட்ஸ் கஞ்சியோடு அறைக்குள் போனபோது, கட்டிலில் நேரான மூக்கோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். 1963இல் அவள் லூசியஸை முதன்முதலில் பார்த்தபோதே மூக்கு இரண்டு தடவை உடைந்திருந்தது. ஐம்பத்தைந்து வருடத்தில் இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. நரைத்த தலை, சுருங்கிய கழுத்து, கிழவர்தான்; ஆனால் ஒருவரும் கை வைக்காத கிழவர். கஞ்சி ஆறும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துண்டைக் கழுத்தில் கட்டினாள்.

"நீ யாரு?" என்று கேட்டார்.

"எர்னஸ்டின். ரெண்டு தெரு தள்ளி இருக்கேன்," என்றாள், 1963இல் சொன்னதுபோலவே.

"நான் லூசியஸ்," என்றார் அவர் கூச்சத்தோடு. "என்கிட்ட நல்ல கை இருக்குதாம். திங்கக்கிழமை ஜிம்முக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு," என்று சொல்லிக் கரண்டியைக் கையில் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த ஆறு வருடமும் தினம் காலையில் இதையே சொன்னார். அவளும், திங்கட்கிழமை உட்பட, தினமும் அதே பதிலைச் சொன்னாள்.