மணலுக்குள் சேறு

மலேசியாவில், சிலிம் ரிவர் ஊருக்கு மேற்புறம், பழைய ரப்பர் தோட்டம் இருந்த பள்ளத்தாக்கில் ஓர் அணை எழுந்துகொண்டிருந்தது. நடுவில் களிமண் சுவர். அதன் இருபுறமும் பாறை. களிமண் ரூபனின் பொறுப்பு, பாறை தனேஸ்வரனின் பொறுப்பு. இருவரும் ஈப்போவில் ஒன்றாகப் படித்து ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்கள்.

பாறையை யாரும் மதிப்பதில்லை என்பது தனேஸின் குறை. மலையை வெடி வைத்து உடைத்து, லாரியில் கொண்டுவந்து கொட்டிப் பரப்பி, தண்ணீர் அடித்து, அதிரும் ரோலரை ஓட்டி இறுக்கினாலும் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கற்குவியல்தான். வருகிறவர்கள் எல்லாரும் நேரே நடுவுக்குப் போய் ரூபனிடம் கேள்வி கேட்டார்கள். தலைமைப் பொறியாளர் மீனாள்கூட, "ரூபன், நீங்க ஆரம்பிங்க" என்றுதான் கூட்டத்தைத் தொடங்குவார். அப்போதெல்லாம் தனேஸுக்குக் குடிக்கிற கோப்பி கசந்தது.

களிமண்ணுக்கும் பாறைக்கும் இடையே மணல் பட்டை ஒன்று ஓடியது. கசியும் நீரை அது வெளியே விடும். களிமண் துகளை விடாது. அதில் சேறு அடைத்தால் நீர் வேறு வழி தேடும், அணை உள்ளிருந்தே அரித்துப்போகத் தொடங்கலாம். அதனால் இரும்புத் தகடு போட்ட இடத்தில் மட்டுமே லாரிகள் மணலைக் கடக்க வேண்டும்.

ஒரு மாலை மழை கொட்டியது. ரூபன் பரிசோதனைக் கூடத்தில் இருந்தான். களிமண் லாரி ஒன்று தகடு வரை போகாமல் குறுக்கே மணல்மேல் ஏறிப் போனதைத் தனேஸ் பார்த்தான். மழை விட்டதும் புல்டோசர் வந்து, ஒன்றும் தெரியாமல், அந்தச் சேற்றுத் தடத்தின்மேல் புது மணலைத் தள்ளி மூடியது.

தனேஸ் ரூபனை அழைக்கக் கைப்பேசியை எடுத்தான். மறுநாள் அணையைச் சோதிக்க நிபுணர் குழு வருவது நினைவுக்கு வந்தது. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் குழு வேறோர் இடத்தில் தோண்டிப் பார்த்தது. மணல் சுத்தமாக இருந்தது. குழுத் தலைவர் ரூபனின் தோளைத் தட்டி, "பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டினார். மீனாள் பெருமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தனேஸால் தாங்க முடியவில்லை.

"மேடம், அங்க தோண்டிப் பாருங்க," என்றான், தேவைக்கு மேல் உரக்க.

தோண்டினார்கள். ஒரு சாண் மணலுக்குக் கீழே சிவப்புச் சேறு. ரூபன் குனிந்து கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்கினான். முகம் வெளுத்துவிட்டது.

"நல்லவேளை சொன்னே மச்சான். இதுக்கு மேல அணைய ஏத்தியிருந்தா அவ்ளோதான்லா."

மீனாள் தனேஸிடம் திரும்பினார். "நீங்க எப்ப பார்த்தீங்க?"

"நேத்து சாயந்திரம்."

"அப்பவே ரூபனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

ரூபன் நிமிர்ந்து தனேஸைப் பார்த்தான். அவன் வேண்டுமென்றே மறைத்தது ரூபனுக்குப் புரிந்துவிட்டது.

அன்றே சேற்று மணலை வெட்டி எடுத்தார்கள். "என் மெஷின அனுப்பவா?" என்று தனேஸ் கேட்டான். "அனுப்பு," என்றான் ரூபன்.

அடுத்த கூட்டத்தில், மணல் பட்டையைக் கவனிக்கத் தனியாக ஒருவர் வேண்டும் என்றார் மீனாள்.

"தனேஸுக்கே குடுங்க மேடம்," என்றான் ரூபன். "எப்படியும் அவன் கண்ணு எந்நேரமும் என் பக்கம்தான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ரூபன் சிரிக்கவில்லை. தனேஸ் தலைகுனிந்து, "செய்றேன் மேடம்," என்றான்.

செய்யவும் செய்தான். தகட்டைத் தவிர்த்து வந்த லாரிகளைத் திருப்பி அனுப்பினான்; கொஞ்சம் அழுக்குப் பட்ட மணலையும் அள்ளி வெளியே போடச் சொன்னான். அவன் வேலையில் ரூபனால்கூடக் குறை காண முடியவில்லை.

அணையில் நீர் ஏறியபின், அடிவாரத்தில் கசிவு நீர் துளிகூடக் கலங்காமல் வந்தது. மீனாள் ரூபனுக்குக் கை கொடுத்தார்.

"எனக்கு இல்ல மேடம். மணல காப்பாத்துனது தனேஸு," என்றான் ரூபன்.

எல்லாரும் தனேஸுக்காகக் கை தட்டினார்கள். அவன் நன்றி சொன்னான். இப்படிச் சொல்லும் மனசும் ரூபனுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று அவன் வயிறு எரிந்தது.