எலும்பு கழுவுகிற நாள்

மண்வெட்டி பலகையில் பட்டதும் சத்தம் மாறியது. குழிக்குள் நின்றவன் மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டு, குனிந்து கையாலேயே மண்ணை வார ஆரம்பித்தான். மேட்டில் உட்கார்ந்திருந்த தெமெலீனா தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை இறுக்கிக்கொண்டாள். முன்னால் வெள்ளைத் துணி விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு தகரத் தொட்டி நிறைய சிவப்பு ஒயின். மூத்த மகன் மிக்கேஸ் இன்றைக்கு வெளியே வருகிறான்.

பாறைத் தீவில் சாவுக்கென்று கிடைத்த மண் அவ்வளவுதான். புதைத்து மூன்று வருஷம் போனதும் தோண்டி, எலும்பை ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்துக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் அடுக்கிவிட்டு, குழியை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவள் புருஷன் அப்படித்தான் வெளியே வந்தான், மாமியாரும் அப்படித்தான். கழுவுகிறவள் பெற்றவளாக இருந்தால், கடைசியில் தலையைக் கழுவும்போது அவளேதான் ஒப்பாரி எடுக்க வேண்டும். அவள் எடுத்தால்தான் மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள்.

கோயில் வாசலைத் தாண்டி சக்கெலாரிஸ் ஏறி வருவதைப் பார்த்ததும் பெண்களின் பேச்சு நின்றது. பெரிய தீவிலிருந்து வருகிற போலீஸ்காரர், கொலை வழக்குகளைத் துப்புத் துலக்குகிறவர். கையில் ஒரு பிராந்திப் புட்டி வைத்திருந்தார், துக்க வீட்டுக்கு வருகிறவர் மாதிரி.

கடலில் பல நாள் கிடந்து மிக்கேஸ் கரை ஒதுங்கியபோது, அந்த உடம்பில் மீனும் பாறையும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மூழ்கிச் செத்தான் என்று டாக்டர் எழுதினார். சக்கெலாரிஸ் மட்டும் நம்பவில்லை. தம்பி யாகுமிஸின் குடிசையில் கணவாய் குத்துகிற ஈட்டி ஒன்றை அவர் கண்டுபிடித்தார். ஐந்து முள்ளில் ஒரு முள் நுனி ஒடிந்திருந்தது. பாறையில் பட்டு ஒடிந்தது சார் என்றான் யாகுமிஸ். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை என்பது ஊருக்கே தெரியும். மரப்படகை ஒழித்துக்கட்டினால் அரசாங்கம் பணம் தருகிறது என்று, அப்பன் விட்டுப்போன படகை மிக்கேஸ் மண்வாரி இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டான். கரையில் நிறுத்தி நொறுக்கினார்கள். யாகுமிஸ் அன்று முழுக்க உடைந்த பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம்தான் அண்ணன் காணாமல் போனது.

கல்லறையைத் திறக்க அனுமதி கேட்டார் சக்கெலாரிஸ். ஒடிந்த ஈட்டிக்காக ஒரு தாயின் பிள்ளையைத் தோண்ட முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. வருஷத் திவசத்துக்கு வந்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் போட்ட கோதுமையை எல்லாரோடும் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தெமெலீனாவிடம், "இன்னும் ரெண்டு வருஷந்தாம்மா" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அவள் அவர் கையைப் பிடித்து அழுதாள்.

இப்போது அவர் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"நீங்க கழுவுங்கம்மா. நான் சும்மா பாத்துட்டு இருக்கேன்."

குழிக்குள்ளிருந்து தலை முதலில் வந்தது. அதைத் துணியில் ஓரமாக வைத்தாள். பிறகு கை, தோள், நெஞ்சு. ஒவ்வொன்றையும் ஒயினில் முக்கித் தேய்த்து, முத்தமிட்டு, துணியில் அடுக்கினாள். எலும்பு மஞ்சளாக, சுத்தமாக வந்தது. நல்ல ஆத்மா, சீக்கிரம் மண்ணோடு சமாதானமாகிவிட்டது என்று பக்கத்து வீட்டு செவஸ்தி சொல்ல, மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாகுமிஸ் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் நின்றான். பெட்டியின் மேல் அண்ணன் பேரை அவன்தான் பெயிண்டில் எழுதியிருந்தான். அழகான எழுத்து.

முதுகெலும்பு வந்தது. இரண்டு கணு மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. பெருவிரலால் தேய்த்தாள். சுருக்கென்று குத்தியது.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒயினுக்கு அடியில் விரல் தானாகத் தடவிப் பார்த்தது. எலும்பில் ஏறி நின்ற துருப்பிடித்த இரும்பு. சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். நுனியில் பின்னோக்கி வளைந்த சின்னக் கொக்கி. அந்தக் கொக்கி அவளுக்குத் தெரியும். அந்த ஈட்டியை அவள் புருஷன் அரத்தால் தேய்த்துச் செய்தபோது விளக்குப் பிடித்தவள் அவள். புருஷன் போனபின் அது சின்னவனிடம் போனது.

முதுகில். பின்னாலிருந்து.

பின்னால் நிற்கிறவனின் மூச்சுச் சத்தம் அவள் காதில் விழுந்தது. திரும்பி அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. இவனுக்கும் இதே மார்தான் கொடுத்தாள். எதிரே சக்கெலாரிஸின் கண் அவள் கையை விட்டு நகரவில்லை. மடியில் போட முடியாது, மண்ணில் போட முடியாது. இது வெளியே வந்தால் இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பிள்ளையும் இல்லை.

எலும்பைத் தூக்கினாள். மற்றதற்கு முத்தமிட்டது போலவே இதற்கும் முத்தமிட்டாள். கொஞ்சம் கூடுதல் நேரம் முத்தமிட்டாள். பல்லால் கடித்து இழுத்தாள். இரும்பு வாய்க்குள் வந்தது. கொக்கி நாக்குக்கு அடியில் சதையைப் பிடித்துக்கொண்டது. எலும்பைத் துணியில் வைத்தாள்.

சக்கெலாரிஸ் அந்தக் கணுவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓட்டையில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தார்.

"இதுல என்னமோ இருந்திருக்கு போல" என்றார், வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி.

புழு தின்ற ஓட்டையாக இருக்கும் என்றான் குழிக்காரன். செவஸ்தி அவனை வாயை மூடச் சொன்னாள். சக்கெலாரிஸ் தொட்டி ஒயினுக்குள் கையை விட்டுத் துழாவினார். குழியைப் பார்த்தார், துணியை உதறிப் பார்த்தார். கடைசியில் தெமெலீனாவின் முகத்தைப் பார்த்தார்.

அவள் தலையை எடுத்துக் கழுவ ஆரம்பித்திருந்தாள். கண்ணிருந்த குழிகளில் ஒயினை ஊற்றி, விரல் விட்டு மண்ணை எடுத்தாள். கழுவி முடிந்தது. பெண்கள் காத்திருந்தார்கள். தெமெலீனா வாயைத் திறக்கவில்லை. இந்தத் தீவில் பேச வராத ஊமைகூட அந்த நேரத்தில் ஊளையிட்டாவது மகனை அனுப்புவாள்.

"அடி தெமெலீனா, எடுடி. புள்ள வாசல்ல நிக்கிறான் பாரு" என்றாள் செவஸ்தி.

துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். தொண்டை அடைக்கிறவள் ஏன் உதட்டை இப்படி இறுக்கிக்கொள்கிறாள் என்று இன்னொருத்தி கேட்டாள். சக்கெலாரிஸ், மீன் தானாக வந்து மாட்டும் என்று தெரிந்தவர் போல, முட்டியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

யாகுமிஸுக்குத்தான் பொறுக்கவில்லை. பாடாவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்ற பயம் அவனுக்கு. குனிந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"பாடும்மா. எல்லாரும் பாக்குறாங்க. அண்ணனுக்கு இதக்கூடச் செய்யமாட்டியா?"

தெமெலீனா அவனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தொட்டியிலிருந்து ஒரு கை ஒயினை அள்ளினாள். எலும்பு கழுவிய ஒயின். அதை வாயில் ஊற்றி, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கினாள். ஒரு முறை போகவில்லை. மறுபடி அள்ளினாள். கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழுந்தது. இறங்கிவிட்டது.

பாடினாள். அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. கிழிந்து கிழிந்து வந்தது. எந்தத் தாயும் பாடுகிற பாட்டுதான், உன்னைக் கொன்றது அலையா, காற்றா, கண்ணே சொல் என்று கேட்கிற பாட்டு. பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். யாகுமிஸ் வாய்விட்டு அழுதான்.

பாட்டு முடிந்து, பாதிரியார் ஜெபம் சொல்லி, எலும்பெல்லாம் பெட்டிக்குள் போனது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ரொட்டியும் பிராந்தியும் கொடுத்தார்கள். சக்கெலாரிஸ் தெமெலீனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளுடைய உதட்டோரம் சிவப்பாக ஒழுகியது ஒயின் இல்லை.

"கீழ போலீஸ் படகு நிக்குதும்மா" என்றார் மெதுவாக. "ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தாப் போதும். டாக்டர் வெளிய எடுத்துருவார். உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"வராதவங்கள இழுத்துட்டுப் போக என்கிட்ட காகிதம் இல்ல." அவர் ஒரு வாய் பிராந்தி குடித்தார். "எனக்கு அவசரமும் இல்ல. இப்ப இல்லன்னா மூணு வருஷம் கழிச்சு உங்களத் தோண்டுவாங்க. அன்னைக்கு வர்றேன்."

பிறகு நிமிர்ந்து, பெட்டியோடு நின்ற யாகுமிஸைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கம்மா எதையோ முழுங்கிட்டாங்க. கொக்கி வச்ச இரும்பு. உள்ள கிழிச்சுட்டு இருக்கு. நீ சொன்னா வருவாங்க. சொல்லு."

யாகுமிஸ் அம்மாவின் வாயைப் பார்த்தான். வாயோரத்து ரத்தத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் நிறம் மெல்ல வடிந்தது, எல்லாம் விளங்கிவிட்டது. அவன் கண் ஒரு தடவை கீழே துறைமுகத்துக்குப் போய், நிற்கிற படகைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. தெமெலீனா அவனையே பார்த்தபடி இருந்தாள். வர மாட்டேன் என்று தலையாட்டியவள்தான். ஆனாலும் அவன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருமா என்று காத்திருந்தாள். போலாம்மா என்ற சொல்.

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். தட்டிலிருந்து ரொட்டியை எடுத்தான். நடுவிலிருந்து மெத்தென்ற பாகமாகப் பார்த்துப் பிய்த்து, ஒயினில் நனைத்து, முன்னால் மண்டியிட்டான்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல சார். காலையிலேருந்து வெறும் வயிறு, அதான்." ரொட்டியை அவள் உதட்டருகே கொண்டுபோனான். "சாப்புடும்மா. நல்லா முழுங்கு."

எத்தனை பாசமான பிள்ளை என்று பின்னால் செவஸ்தி மூக்கைச் சிந்தினாள். குழிக்காரன் காலிக் குழியிலிருந்து ஏறி வந்து, காலில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். கடல்காற்றில் வெள்ளைத் துணி ஒரு மூலை தூக்கித் தூக்கி விழுந்தது.

தெமெலீனா வாயைத் திறந்தாள். யாகுமிஸ் ஊட்டினான். அவள் விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த துண்டைப் பிய்த்தான்.