கோயில் மாதிரி ஒரு நூலகம்

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் திருப்பதி பஸ்ஸுக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. எதிரே தெரிந்த மண்டபத்துக்கு ஓடி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தார். "நீங்களுமா? இது லைப்ரரிங்க." ஒரு புத்தகம்கூட அங்கே இல்லை. அந்த அம்மாள்தான் சுலோச்சனா. (நேரில் 'அவர்'. கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'.)

2
'கருங்கல் தூண்களுக்கிடையே வரலாறு உறங்கிக்...'

வேண்டாம். அறுபதுகளில் நெசவு முதலாளி ஒருவர் நூலகத்துக்கு இடம் கொடுத்தார். கட்ட வந்த கண்ணையன் ஸ்தபதி அதுவரை கோயிலைத் தவிர எதையும் கட்டியதில்லை. தெரிந்ததைக் கட்டினார்: வரிசையாகத் தூண்கள், வாசற்படியில் தாமரை, நடுச்சுவரில் பெரிய மாடம்.* மாடத்தில் அகராதிகளை அடுக்கினார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடிக்கூட்டம் அகராதிக்குக் கற்பூரம் காட்டியது.

(* ஸ்தபதியைக் கேட்டதற்கு, "பொஸ்தகமும் சாமிதானே" என்றாராம். நான் நம்பவில்லை. ரொம்ப அழகாக இருக்கிறது.)

3
ஓய்வு பெறும்வரை சுலோச்சனா அங்கே நூலகர். வேலையில் பாதி பக்தர்களை விரட்டுவதுதான். "இது கோயிலு இல்ல. படிக்கறதுன்னா வாங்க, கும்புடறதுன்னா மலைக்குப் போங்க."

நூலகம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. இங்கே வண்டி நிறுத்தப் போகிறார்கள். நாளை இடிக்க ஜேசிபி வருகிறது. ஆனாலும் அவள் தினமும் வந்து பெருக்குகிறாள். அவளுக்கு இந்தக் கட்டடத்தின்மேல் அவ்வளவு ஆசை.

4
பக்கத்துப் பூக்கடை குணசேகரன் யோசனை சொன்னான்.

"ஒரே ஒரு வேலு வாங்கியாந்து மாடத்துல வச்சுடுக்கா. அப்புறம் எவன் கை வெப்பான்?"

"வாய மூடுடா."

"நாலு பேரு கும்புட்டுகினு போனா போதும். எந்த டிரைவரும் இடிக்க மாட்டான்."

அவன் சொல்வது சரி. அதுதான் அவளுக்கு எரிச்சல். வேல் வைத்தால் தூண்கள் நிற்கும், நூலகம் இருந்ததை ஊர் மறந்துவிடும். வைக்காவிட்டால் இரண்டும் போகும்.

5
முடிவு அ: வேல் வைக்கிறாள். மறுவாரமே உண்டியல் வருகிறது. (நம்பலாம். ஆனால் அவள் வைக்க மாட்டாள்.)

முடிவு ஆ: ஊரே திரண்டு வந்து... (ஊருக்கு வேறு வேலை இருக்கிறது.)

முடிவு இ: அவள் ஜேசிபி முன்னால் உட்கார்ந்து... (முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழ முடியாது. அடித்துவிட்டேன்.)

6
காலையில் ஜேசிபி வந்தது. மாடம் காலியாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து, மலையிறங்கி வந்த பள்ளிப்பட்டுக் குடும்பம் ஒன்று மொட்டைத் தலைகளோடு படியேறி, வெறும் மாடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"இன்னாம்மா, கோயிலா இது? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே. கோயிலுன்னா நான் தொட மாட்டேன்."

எல்லோரும் சுலோச்சனாவைப் பார்த்தார்கள். உத்தியோக காலம் முழுக்க இந்தக் கேள்விக்கு அவள் யோசித்ததே இல்லை. இப்போது துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு மாடத்தைத் திரும்பிப் பார்க்கிறாள்.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. 'ஆங்' என்பதா, 'இல்ல' என்பதா, நீங்களே சொல்லுங்கள். டிரைவர் காத்துக்கொண்டிருக்கிறான்.